செக்கிங் கமலமும் அஷ்டமி மாநாடும்

ஆம்பூர் பஸ் நிலையத்தை ஒட்டி எந்தக் கட்சி மேடை போட்டாலும், முதல் வரிசையின் இடது ஓர நாற்காலியில் கமலம் இருப்பாள். விலைவாசி உயர்வைக் கண்டித்த கூட்டத்திலும் இருந்தாள்; விலைவாசி உயரவே இல்லை என்று புள்ளிவிவரத்தோடு விளக்கிய கூட்டத்திலும் இருந்தாள். இரண்டுக்கும் ஒரே அளவுதான் கை தட்டினாள். இந்த அம்மா எந்தக் கட்சி என்று தெரியாமல் உளவுப்பிரிவுக் காவலர் ஒருவர் ஆறு மாதம் குழம்பியதாகப் பேச்சு. அவளையே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை நின்றபடியே வேலை. வீடு இருக்கிற மின்னூருக்குப் போகிற டவுன் பஸ் ஏழு பத்துக்கு. நடுவில் ஆம்பூரில் காசு கேட்காமல் ஒருவரை உட்காரவைக்கிற இடம் பொதுக்கூட்டம் ஒன்றுதான்.

ஷூ கம்பெனியில் அவள் செக்கிங். கன்வேயரில் வருகிற ஷூவைக் கையிலெடுத்து, தையல் பிரிந்திருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, இடதும் வலதும் ஒரே நிறமா என்று பார்த்து, ஷூவின் நாக்குப் பட்டைக்கு அடியில் ஒரு பொடி ஸ்டிக்கர் ஒட்டுவாள். அதில் 17 என்று இருக்கும். கமலம்தான் பதினேழு. அந்த ஷூ ஜெர்மனிக்குப் போய் யாரோ ஒருவர் காலில் வாயைப் பிளந்தால், "பதினேழு யார்?" என்று அங்கிருந்து மெயில் வரும். வெட்டினவர், ஒட்டினவர், தைத்தவர் யாரையும் யாரும் தேடமாட்டார்கள். பார்த்து அனுப்பினவள்தான் மாட்டுவாள். இருபத்தாறு வருஷத்தில் பதினேழுக்கு மெயில் வந்தது இரண்டே முறை. அந்த இரண்டு ஷூவின் மாடல் எண்ணும் அவளுக்கு இன்றுவரை மனப்பாடம்.

போன சித்திரையில் ஒரு நாள் அவள் வழக்கம்போல வந்து உட்கார்ந்த கூட்டம், சிறைவாசிகள் உரிமைக் குழு நடத்தியது. கூட்டம் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. மைக் செட்காரரையும் சுண்டல்காரரையும் சேர்த்தால் இருபத்துமூன்று பேர். தலைவர் கோதண்டராமன், ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். உலகத்தின் முதல் சிறைச்சாலையில் தொடங்கி, நம் நாட்டுக்கு வந்து சேரவே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். அடுத்து செயலாளர் புகழேந்தி, வக்கீல். ஏழைகளிடம் ஃபீஸ் வாங்காதவர். அந்தக் குறையைப் பேச்சில் தீர்த்துக்கொள்கிறவர்.

"வேலூர் ஜெயிலில் இருபத்துநாலு வயதுப் பையன் ஒருவன். ஜான்சன் என்று பேர். லோடு ஆட்டோ ஓட்டியவன். தோல் கட்டு திருடிய கேஸ். தை மாதமே கோர்ட் ஜாமீன் கொடுத்துவிட்டது. இன்னும் உள்ளேதான் இருக்கிறான். ஏன்? ஜாமீன் கையெழுத்துப் போட ரத்த சொந்தம் ஒருத்தர் வேண்டுமாம். அம்மா செத்துப்போனாள். அப்பா கோலார் பக்கம் வேறு குடும்பம். சொந்த வீடு உள்ள யாராவது ஒருத்தர் முன்வந்தால் அந்த நிபந்தனையை நான் தளர்த்தி வாங்குவேன். கதவு திறந்திருக்கிறது தோழர்களே! கையைப் பிடித்து வெளியே கூட்டிவர ஆள் இல்லை. இந்தக் கூட்டத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர் இருக்கிறாரா?"

இது கைதட்டலுக்கான இடம். பதினோரு ஊரில் இதே கேள்வியைக் கேட்டு, பதினோரு ஊரிலும் கைதட்டல் வாங்கியிருந்தார். ஆம்பூரும் தட்டியது. தட்டி ஓய்ந்ததும் இடது ஓரத்திலிருந்து ஒரு குரல்.

"இன்னா பேப்பர் வேணும் சார்?"

புகழேந்தியின் குறிப்புத்தாளில் இதற்குப் பதில் இல்லை. "அம்மா?" என்றார்.

"ஜாமீனுக்கு இன்னா பேப்பர் வேணும்னேன்."

"வீட்டு வரி ரசீது... உங்க சொந்தப் பேர்ல..."

"கீழ உக்காந்திருக்கிற எங்களாண்ட கேட்டீங்க. எங்கிட்ட இருக்குது."

இருந்தது. கணவர் பஞ்சாட்சரம் மஞ்சள் காமாலையில் போய் ஒன்பது வருஷம். ஒன்றரை சென்ட், ஷீட் கூரை, ரசீது அவள் பெயரில். அந்தத் தெருவில் பெண் பெயரில் வீடு அது ஒன்றுதான். ரசீதை லேமினேஷன்கூடப் பண்ணி வைத்திருந்தாள். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

மகள் தமிழினி வேலூரை அடுத்த பாகாயத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். விஷயம் தெரிந்ததும் போனில் கத்தினாள். "யாருன்னே தெரியாத திருடனுக்கு நம்ம வீட்டை வெக்கப் போறியாமா?"

"யாருன்னு தெரியாமத்தான் நாளைக்குப் பார்க்கப் போறேன்."

பார்க்காமல் ஸ்டிக்கர் ஒட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "நான் பார்த்தாச்சும்மா, நல்ல பையன்தான்" என்று புகழேந்தி சொன்னதை, தையல் பிரிவு ஆள் தன் தையலைப் பற்றிச் சொல்வதைப்போலக் கேட்டுக்கொண்டாள். ஒரு நாள் லீவு போட்டு வேலூர் தொரப்பாடிக்குப் போய், ஜெயில் வாசலில் மனு வரிசையில் நின்றாள். மனு போட்டால்தான் உள்ளே இருக்கிறவரைப் பார்க்கலாம். படிவத்தில் ஒரு கட்டம்: உறவுமுறை.

"இன்னா உறவும்மா?" என்றார் எழுதுகிறவர்.

"ஜாமீன்."

"அது உறவு இல்லையே."

"எது இருக்குதோ அதைப் போடு. அத்தைன்னு போடு."

கண்ணாடிக்கு அந்தப்புறம் ஜான்சன் வந்து ரிசீவரை எடுத்தான். கமலம் அவனைத் தலையிலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

"திரும்பு."

ஏன் என்று கேட்காமல் திரும்பினான். உள்ளே ஏழு மாதம் இருந்தால் அந்தக் கேள்வி மறந்துபோகும் போலிருக்கிறது.

"எடுத்தியா?"

"ஓட்டினேங்க."

"ஆறு கட்டு தோலு, பில்லு இல்லாம. ஒண்ணும் தோணலையா உனக்கு?"

"தோணுச்சு. வாடகை ஜாஸ்தி சொன்னாங்க. தோணாத மாதிரி ஓட்டினேன்."

தோணவே இல்லை என்று சொல்லியிருந்தால் கமலம் எழுந்து வந்திருப்பாள். வெளியே வந்து புகழேந்தியிடம் சொன்னாள்: "கோணலாத்தான் இருக்குது. பிரியல. போட்டுடறேன்."

ரத்த சொந்தம் இல்லாமல், ஒரே ஜாமீன் போதும் என்று புகழேந்தி உத்தரவு வாங்கினார். ஜான்சன் வெளியே வந்தான். குழு அவனுக்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டது. கமலத்தின் நிம்மதி போனது அன்றிலிருந்துதான்.

ஷூ பெட்டிக்குள் போனால் அசையாது. ஜான்சன் அசைந்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் கோர்ட்டில் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் அவனுக்குப் பிடிவாரண்ட், அவளுக்கு நோட்டீஸ், ஒன்றரை சென்ட்டுக்குச் சிக்கல். முதல் வாய்தாவுக்கு ஒன்பது மணிக்கே வந்தான். இரண்டாவதுக்குப் பதினொன்றுக்கு வந்தான். மூன்றாவதுக்கு வராமல், "இன்னிக்குன்னு நெனச்சேன் அத்த" என்று மறுநாள் வந்தான். அவள்தான் படிவத்தில் போட்டாளே, அத்தை என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

மாஜிஸ்திரேட் அம்மா எச்சரித்தார். அடுத்த வாய்தா மூன்று வாரம் தள்ளி ஒரு செவ்வாய்க்கிழமை; சாட்சிகள் வருகிறார்கள். அன்று வராவிட்டால் வாரண்ட்தான்.

அதிலிருந்து கமலம் அரை நாளைக்கு ஒருமுறை போன் போட்டாள்.

"எங்கடா இருக்கிற?"

"ஆம்பூர்லதான் அத்த."

பின்னால் ஒரு பெண்குரல், ஜோலார்பேட்டை சந்திப்பின் இரண்டாவது நடைமேடைக்கு வண்டி வந்துகொண்டிருப்பதாக மூன்று மொழியில் அறிவித்தது.

"ஆம்பூருக்கு எப்படா ஜோலார்பேட்டைன்னு பேர் மாத்தினாங்க?"

"பார்சல் ஏத்துற வேலை அத்த. சொன்னா பேஜார் பண்ணுவியேன்னுதான்..."

பொய் சொன்னதற்குக் கோபப்படுவதா, வேலைக்குப் போகிறான் என்று சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் போனை வைத்தாள். ஐந்து நிமிஷத்தில் மறுபடி எடுத்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். கேட்டதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கூட்டங்களில் அவளால் இப்போது உட்கார முடியவில்லை. உட்காருவாள், எழுவாள், மேடைக்குப் பின்னால் போய் போன் போடுவாள், திரும்பி வருவதற்குள் நாற்காலி போயிருக்கும். கம்பெனியில் ஒரு நாள் காப்பி நிறத்துக்கும் கறுப்புக்கும் ஜோடி சேர்த்து ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள். லைன் சூப்பர்வைசர் தௌசீப் அகமது அதைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராகக் காட்டினான்.

"அக்கா, கண்ணு எங்க இருக்குது?"

"கோர்ட்டுல இருக்குது தம்பி. குடு, பிரிச்சு வைக்கிறேன்."

இதற்கிடையில் சிறைவாசிகள் உரிமைக் குழு மாநாடு நடத்த முடிவு செய்திருந்தது. திருப்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நாளில் வாடகை எட்டாத உயரம். அஷ்டமி, நவமி என்றால் பாதி. பகுத்தறிவும் பட்ஜெட்டும் ஒன்றாகக் கைகோத்த அபூர்வத் தருணம் அது. செவ்வாய்க்கிழமை, தேய்பிறை அஷ்டமி. தலைவர் உடனே முன்பணம் கட்டினார்.

ஆம், அதே செவ்வாய்க்கிழமை.

கமலத்தையும் அழைத்தார்கள். ஷிப்மென்ட் இருக்கிறது, வர முடியாது என்றுவிட்டாள். வாய்தா என்று சொல்லவில்லை. வக்கீலுக்கே வாய்தாவை ஞாபகப்படுத்துவது மரியாதையில்லை என்று நினைத்தாள். ஜான்சன் சொன்னான். "சார், அன்னிக்கு எனக்கு வாய்தா" என்று தலைவரிடம் சொல்ல, "புகழேந்தி பார்த்துப்பார்" என்றார் தலைவர். புகழேந்தி, "ஜூனியர் நிஷா பார்த்துப்பாங்க" என்றார். நிஷாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குக் கமலம் கோர்ட் வாசலில் நின்றாள். கம்பெனியில் ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் வருகிற நாள். தௌசீப்பிடம் கெஞ்சி இரண்டு மணி நேரம் பெர்மிஷன் வாங்கியிருந்தாள். ஜான்சன் இல்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. பத்தரைக்கு நிஷா கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டே ஓடிவந்து, தன் போனை நீட்டினாள்.

"அம்மா, இங்க பாருங்க. லைவ் போய்ட்டிருக்கு."

மண்டப மேடை. பின்னால் பேனர். மூன்றாவது நாற்காலியில் ஜான்சன், இஸ்திரி போட்ட சட்டையில். நெஞ்சில் ரோஸ் ரிப்பனோடு ஒரு அட்டை குத்தியிருந்தது: 'பயனாளி'.

"காய்ச்சல்னு மனு போட்டுட முடியாதா கண்ணு?" என்றாள் கமலம்.

"போடலாம். அதோ ஏட்டய்யாவும் இதேதாம்மா பார்த்துட்டிருக்காரு."

ஏட்டு, மரத்தடியில், போனைப் படுக்கைவாட்டில் பிடித்து உண்மையிலேயே ரசித்துக்கொண்டிருந்தார்.

டவாலி மூன்று முறை ஜான்சன் பெயரைக் கூப்பிட்டார். நிஷா எழுந்து கேட்டு, மூன்று மணி வரை அவகாசம் வாங்கினாள். அதற்குள் ஆள் வர வேண்டும், இல்லையென்றால் வாரண்ட். அவள் சொல்லி முடிப்பதற்குள் கமலம் ரோட்டுக்குப் போயிருந்தாள்.

திருப்பத்தூர் பஸ்சில் இடம் இருந்தது. அவள் உட்காரவில்லை. டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிற லாரியை எல்லாம் தானே ஒதுக்குகிற மாதிரி நின்றாள். வாணியம்பாடியில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார்.

"அண்ணா, டீயைக் கையில எடுத்துனு வந்துடேன்."

"இன்னாம்மா, ஆஸ்பத்திரியா?"

"கோர்ட்டு."

"கோர்ட்டுக்கா இவ்ளோ அவசரம்? என் தம்பி கேஸ் பதினாலு வருஷமா நடக்குது" என்று டிரைவர் இரண்டாவது டீ சொன்னார்.

அவள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு நாற்பது. பத்து மணி மாநாடு அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. தலைவர் ஐரோப்பியச் சிறைகளை முடித்து இங்கே கப்பலேறியிருந்தார். வாசலில் கமலத்தைப் பார்த்ததும் மைக்கை இன்னும் கிட்டே இழுத்தார்.

"இதோ! வரமுடியாது என்றவர் வந்துவிட்டார்! ஜாமீன் தந்த தாய்!"

மண்டபம் தட்டியது. யாரோ பொன்னாடையைப் பிரித்தார்கள். கமலம் மேடையேறினாள். தோளில் விழுந்த பொன்னாடையோடு நேராக மூன்றாவது நாற்காலிக்குப் போய் ஜான்சனின் கையைப் பிடித்தாள்.

"எழுந்திருடா."

"அத்த, அடுத்து நான்தான் பேசணும். உள்ள எப்படி இருந்துச்சுன்னு..."

"மூணு மணிக்குள்ள போவலன்னா மறுபடி உள்ள போய்ப் பார்த்துட்டு வந்து பேசலாம். வா."

மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது மண்டபத்துக்கே கேட்டது. இதற்கும் தட்டினார்கள். தட்டாத ஒரே ஆள் புகழேந்தி. தலையில் அடித்துக்கொண்டு, கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவருக்குக் கார் இருந்தது. காருக்கு முன்னால் பிரியாணி வேன் நின்றது. வேனுக்கு டிரைவர் இல்லை.

மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். வழியில் தலைவர் போன் செய்தார்: நான்காம் தீர்மானத்தை முன்மொழிய வேண்டியவர் புகழேந்திதான். போனை மைக்கில் பிடிக்கச் சொல்லி, ஜன்னலோரமாக நின்று அவர் முன்மொழிந்தார். "விசாரணைக் கைதிகள் குறித்த நாளில் நீதிமன்றத்தில் ஆஜராவதற்குரிய வசதிகளை அரசு செய்துதர வேண்டும் என்று..." நடுவில் கண்டக்டர் விசில் அடித்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. போனைப் பையில் போட்டுவிட்டு ஆம்பூர் வரை அவர் கமலத்தின் பக்கம் திரும்பவில்லை.

ஜான்சன் மட்டும் ஒருமுறை பேசினான். "அத்த, நான் சொன்னேன் அத்த. பார்த்துப்பாங்கன்னாங்க."

"உன் வாய்தாடா அது. யாரு பார்க்கணும்?"

கமலத்தின் போனில் தௌசீப் பெயர் நாலு முறை வந்துபோயிருந்தது. ஐந்தாவதாக ஒரு மெசேஜ்: பையர் வந்து போய்ட்டார், நாளைக்கு வந்ததும் ஹெச்.ஆரைப் பாருங்க அக்கா.

மூன்று மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது கோர்ட்டுக்குள் நுழைந்தார்கள். டவாலி கூப்பிட, ஜான்சன் மூச்சிரைக்கக் கூண்டில் ஏறினான்.

"காலையில எங்க போனீங்க?" என்றார் மாஜிஸ்திரேட் அம்மா.

புகழேந்தி எழுந்தார். அதற்குள் ஜான்சன் சொல்லிவிட்டான். "திருப்பத்தூர்ம்மா. கைதிங்க உரிமை மாநாடு."

சாட்சிகள் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. "உங்க உரிமை பத்தரை மணிக்கு இங்க இருந்தது. சட்டையில என்ன அது?"

"பயனாளிம்மா."

"கழட்டுங்க."

வாரண்ட் போடவில்லை. நாளையிலிருந்து பதினைந்து நாள், தினமும் காலை பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து. பிறகு ஃபைலைப் புரட்டி, "இவருக்கு யார் ஜாமீன்?" என்று கேட்டார்.

பொன்னாடையோடு கமலம் எழுந்து நின்றாள். அதைக் கழற்ற வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"இந்த ஆளை நம்பி நீங்க தொடர்ந்து ஜாமீன் இருக்க இஷ்டமா? கட்டாயம் இல்லம்மா. வேண்டாம்னா இன்னைக்கே விலகிக்கலாம். வேற ஜாமீன் கிடைக்கிறவரைக்கும் அவர் உள்ள இருப்பார்."

கமலம் ஜான்சனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அட்டை குத்தியிருந்த இடத்தில் சட்டையில் இரண்டு ஓட்டை விழுந்திருந்தது. அதையே விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். கெஞ்சவும் இல்லை. கெஞ்சியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தினமும் காலை பத்து மணி. பத்து மணிக்கு அவள் லைனில் நிற்பாள், போன்கூட லாக்கரில். இவன் போனானா, போகவில்லையா என்று மதியச் சாப்பாட்டு மணி அடிக்கிறவரை தெரியாது. பதினைந்து நாள். மகள் சொன்னது, ஹெச்.ஆர்., ஒன்றரை சென்ட், எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன.

"சொல்லுங்கம்மா."

"இன்னும் ரெண்டு வாய்தா பார்க்கிறேங்கம்மா."

"ரெண்டு வாய்தாவுக்கு மட்டும்னு ஜாமீன் கிடையாது. இருக்கீங்களா, இல்லையா?"

"அப்ப இருக்கிறேன்."

"அதை ஏன் இவ்வளவு கோபமா சொல்றீங்க?"

"எனக்கு வேற மாதிரி சொல்ல வரலைங்கம்மா."

வெளியே வந்ததும் புகழேந்தி கை கூப்பினார். அவரால் பேச முடியவில்லை. நாற்பது மேடை ஏறியவருக்கு அது புதிது. கமலம், "விடுங்க சார், அடுத்த தபா டைரில எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஜான்சனைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

"எங்க அத்த?"

"ஸ்டேஷனுக்கு."

"நாளையிலேருந்துதானே சொன்னாங்க?"

ஸ்டேஷனில் ரைட்டர் மேசையில் இருந்த பெண் காவலர், பொன்னாடையையும் வியர்வையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கம்ப்ளைன்டா?"

"இல்லம்மா. இவன் பதினைஞ்சு நாள் கையெழுத்து போடணும். கோர்ட்டு உத்தரவு."

"பேப்பர் இன்னும் எங்களுக்கு வரலையே. நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லு."

"நாளைக்கு நான் வரமுடியாது. இவன் தனியாத்தான் வரணும். எந்த வாசப்படி, எந்த மேசை, யாராண்ட நோட்டு, எல்லாம் இன்னைக்கே காட்டிடறேன். ஒரு கையெழுத்து போடட்டும்."

"இன்னைக்குப் போட்டா அது கணக்குல வராதும்மா."

"கணக்குல வேணாம். ஓரமா போடட்டும்."

பெண் காவலர் பெருமூச்சு விட்டு, கிழித்துப்போட இருந்த ஒரு தாளை முன்னால் தள்ளினார். ஜான்சன் குனிந்து பேரை எழுதினான்.

"தேதி?" என்றாள் கமலம்.

தேதியைப் போட்டான்.

"டைமு?"

நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு பத்து.

"பத்து மணின்னு போடுடா," என்றாள்.